முட்டி மடங்கலாம், பவி

பவி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டே ஆரம்பிக்கிறேன். அன்புள்ள என்றும் நலம் நலமறிய ஆவல் என்றும் எழுதினால் எனக்கே சிரிப்பு வந்துவிடும். நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். பெட்டி மூடவில்லை என்று அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, உங்கப்பாவை ஜிப்பை இழுக்கச் சொல்லி அதட்டுகிற சத்தம் இங்கே கேட்கிறது. பத்தாவதோடு நின்றவள் நான், மளிகைச் சீட்டைத் தவிர இத்தனை வருஷத்தில் எதையும் எழுதியதில்லை. உன்னுடைய பயிற்சி நோட்டில் மிச்சமிருந்த தாள்களைத்தான் கிழித்து எடுத்துக்கொண்டேன். கேட்காமல் எடுத்ததற்காகப் பிறகு திட்டு. திட்டுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இதற்குள் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பளுதூக்கும் கிளப்பில் வழியனுப்பு வைத்தார்களே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள் வெளியூர் வேலைக்குப் போகிற ஏக்கம் என்று உங்கப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். விளையாட்டு விடுதியில் நாற்பது பெண் பிள்ளைகளுக்கு நீ கோச் என்றால் எனக்கு ஏன் ஏக்கம் வரப்போகிறது? மரக்காணம் முழுக்க வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். என் தொண்டையில் நிற்பது நீ மைக்கைப் பிடித்துச் சொன்ன வார்த்தை. "எங்கம்மா எனக்கே சிவப்புக் கொடி காட்டுனவங்க. பெத்த பொண்ணுன்னு பாக்கல. நேர்மைன்னா இன்னான்னு நான் அவங்ககிட்டதான் கத்துக்கினேன். அந்தப் புள்ளைங்களுக்கும் இதைத்தான் மொதல்ல சொல்லப் போறேன்" என்றாய். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். உனக்குத் தூக்கக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் எழுந்து நின்று தட்டினார். நானும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து அத்தனையும் வாங்கிக்கொண்டேன். போதாக்குறைக்கு எழுந்து கும்பிடு வேறு போட்டேன்.

நீ பளு தூக்கப் போனதற்கே நான் காரணமில்லை, உங்கப்பாவின் மீன் பெட்டிதான் காரணம். ஏலம் முடிந்து, ஐஸ் போட்ட பெட்டியை ஷேர் ஆட்டோவில் ஏற்ற ஒரு ஆள் கிடைக்காமல் டிரைவர் அக்கம்பக்கம் தேடிக்கொண்டிருந்தான். பத்தாவது படிக்கிற நீ குனிந்து, ஒரே இழுப்பில் பெட்டியை நெஞ்சுக்குக் கொண்டுவந்து உள்ளே தள்ளிவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாய். மீன் வாங்க வந்திருந்த மாஸ்டர் கையிலிருந்த வஞ்சிரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார். "யாரு பொண்ணுக்கா இது? ஒரு மாசம் என்கிட்ட வுடுங்க" என்று கேட்டார். பொம்பளைப் பிள்ளைக்கு இரும்பு எதற்கு என்று நான்தான் முறுக்கிக்கொண்டேன். உங்கப்பா, "உப்புக் கூடைய தூக்கலாம், இரும்ப தூக்கக் கூடாதா?" என்று ஒரே கேள்வியில் என் வாயை அடைத்தார். அந்த மனுஷன் வருஷத்துக்கு ஒரு தடவைதான் சரியாகப் பேசுவார். அந்த வருஷக் கணக்கு அன்றைக்கே தீர்ந்தது.

ஏழு வருஷத்துக்கு முந்தைய காணும் பொங்கல் உனக்கு என்னைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை கேள். குப்பத்து மைதானத்தில் ஓட்டப் பந்தயம், கயிறு இழுப்பது எல்லாம் முடிந்து, மாஸ்டர் பெண்களுக்குப் பவர் க்ளீன் போட்டி வைத்தார், கம்பியைத் தரையிலிருந்து ஒரே இழுப்பில் எடுத்து, முழுக்க உட்காராமல் தோளில் பிடிக்கிற தூக்கு அது. பெரிய போட்டிகளில் இதற்குத் தனிப் பரிசு கிடையாது, பயிற்சிக்காகத் தூக்குகிற தூக்குதான், ஆனால் புதுப் பிள்ளைகளுக்கு முழுக்க உட்கார்ந்து பிடிக்க வராது என்று அதைத்தான் வைத்தார். ஜெயிக்கிற ஒருத்தியின் பெயரை அந்த வாரமே மாவட்டப் பயிற்சி முகாமுக்கு அனுப்புவதாக மைக்கில் சொன்னார். ஒரே ஒரு இடம். நீயும் கிளியனூர் சங்கீதாவும்தான் அதற்குத் தேறுவீர்கள் என்று கூட்டத்துக்கே தெரியும். நடுவர் மூன்று பேர். புதுச்சேரியிலிருந்து வர வேண்டியவர் வரவில்லை. மாஸ்டர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க வந்து உக்காருங்க. இருபது வருஷமா உப்பளத்துல தூக்குறவங்களுக்கு இது தெரியாதா?" என்றார். "என் பொண்ணு இருக்கறாளே" என்றேன். "மூணு பேர்ல ஒருத்தர்தானேக்கா, பரவால்ல" என்றார். கூட்டம் கை தட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சார்ட் தாளில் வெட்டி ஒட்டிய கொடிகள், தூக்கு செல்லும் என்றால் காட்ட வெள்ளை ஒன்று, செல்லாது என்றால் காட்டச் சிவப்பு ஒன்று, உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. "ரொம்பக் கீழ போயிட்டா மட்டும் சிவப்பு காட்டுங்க" என்று சொல்லிவிட்டு அவர் மைக்கிடம் ஓடிவிட்டார். எதுவரைக்கும் போனால் ரொம்பக் கீழே என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.

எங்கள் உப்பளத்து வழக்கம் உனக்குத் தெரியும். தலையில் கூடை ஏறிய பிறகு முட்டி மடங்கக் கூடாது. வரப்பு வழவழவென்று இருக்கும், முட்டி கொஞ்சம் தளர்ந்தாலும் ஆள் பாத்திக்குள் போய்விடுவாள், சிராய்ப்பில் உப்புத் தண்ணீர் பட்டால் உயிர் போகும். அதனால் எவளுக்காவது முட்டி லேசாக மடங்கினாலும் வரப்பில் இருக்கிற அத்தனை பேரும் "மடிஞ்சிட்டா!" என்று கத்துவோம். பாதி எச்சரிக்கை, பாதி கிண்டல். கத்து வாங்கியவள் கூடையை இறக்கிவிட்டு மறுபடி தூக்க வேண்டும். இருபது வருஷம் அப்படிக் கத்தியும் கத்து வாங்கியும் பழகிய கண் என்னுடையது. கூடையைப் பார்க்காது, முகத்தைப் பார்க்காது, முட்டியைத்தான் பார்க்கும்.

நீ ஐம்பது கிலோவை முதலில் தூக்கினாய், மூன்று வெள்ளை. சங்கீதா ஐம்பத்திரண்டு தூக்கினாள், அதற்கும் மூன்று வெள்ளை. இரண்டாவது முயற்சிக்கு நீ ஐம்பத்தைந்து கேட்டாய். நடந்துவந்து குனிந்து கம்பியைப் பிடித்தாய். பவி, இத்தனை வருஷத்தில் இதை உன்னிடம் சொன்னதே இல்லை. கம்பி முட்டியைத் தாண்டினதும் நீ நிமிர்ந்தாய் பார், நான் நடுவர் என்பதே எனக்கு மறந்துபோனது. கம்பி ஒரு நொடி கனமே இல்லாமல் உன் நெஞ்சுக்கு முன்னால் நின்றது. நீ அதற்குள் புகுந்து முழங்கையைத் திருப்பித் தோளில் வாங்கிக்கொண்டாய். ஒரு சத்தம் இல்லை, ஒரு தள்ளாட்டம் இல்லை. என் வயிற்றில் பிறந்ததா இது என்று உடம்பு சிலிர்த்தது. அந்த நொடியில்தான் பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் உப்பளத்துப் பொம்பளைகள் ஒரே குரலாக "மடிஞ்சிட்டா!" என்று கத்தினார்கள். உன் முட்டி மடங்கித்தான் இருந்தது. என் கை தானாகச் சிவப்பைத் தூக்கிவிட்டது. பக்கவாட்டில் இருந்த என் நாற்காலியிலிருந்துதான் நன்றாகத் தெரியும். உனக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்த நடுவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, என் கொடியையும் கூட்டத்துச் சத்தத்தையும் பார்த்து அவரும் சிவப்பைத் தூக்கினார். பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் மட்டும் வெள்ளை. இரண்டு சிவப்பு விழுந்ததால் தூக்கு செல்லவில்லை. மூன்றாவது முயற்சியில் நீ என்னைப் பார்த்துக்கொண்டே தூக்கினாய், காலை விறைப்பாக வைத்துப் பிடிக்கப் பார்த்தாய், கம்பி முன்னால் விழுந்தது. முகாம் இடம் சங்கீதாவுக்குப் போனது.

இதுவரைக்கும் உனக்குத் தெரிந்த கதை. இதற்கு மேல் நீயும் நம்பிக்கொண்டிருப்பது, அம்மா தன் கண்ணுக்குப் பட்டதைப் பயப்படாமல் சொன்னாள் என்பது. அதுவரைக்கும் அது உண்மைதான். நான் தப்பாகப் பார்த்தேன், ஆனால் பொய்யாகப் பார்க்கவில்லை. மறுநாள் நடந்ததுதான் உனக்குத் தெரியாது.

மறுநாள் உப்பளத்தில் தரை இறுகப் பாத்தி மிதிக்கப் போயிருந்தோம். அஞ்சலை சித்தி, நீ தூக்கியதைத் தன் போனில் பிடித்து வைத்திருந்தாள். டீ குடிக்கிற நேரத்தில் போட்டுக் காட்டினாள். அவளும் என் பக்கத்திலேயே நின்று எடுத்ததால் உன் உடம்பு பக்கவாட்டில் முழுசாகத் தெரிந்தது. இரண்டு மூன்று தடவை பார்த்தேன். என்னவோ உறுத்தியது. சாயங்காலம் கொடிகளைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் கிளப்புக்குப் போய் மாஸ்டரிடம், யாரோ எவரோ மாதிரி, "முட்டி எவ்ளோ மடங்கலாம் மாஸ்டர்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "முட்டி மடங்காம எப்படிக்கா புடிக்க முடியும்? இடுப்பு ஒடிஞ்சிபூடும். முட்டி மடங்கலாம். தொடைதான் கணக்கு. தொடை தரைக்கு மட்டமா வர்றதுக்கு மேலயே நின்னுட்டா அது பவர் க்ளீன். அதுக்குக் கீழ எறங்கிட்டா அதுவும் நல்ல தூக்குதான், ஆனா அது முழு க்ளீன், பவர் இல்ல" என்று ஒரு குச்சியைத் தன் தொடைமேல் வைத்துக் காட்டினார். திரும்பி வரும் வழியில் அஞ்சலை வீட்டில் நுழைந்து மறுபடி அந்த வீடியோவைப் பார்த்தேன். உன் தொடை மட்டத்துக்கு மேலே, எவ்வளவோ மேலே நின்றது.

முகாமுக்குப் பெயர் அனுப்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது. திரும்பி கிளப்புக்கு நடந்திருந்தால் பத்து நிமிஷம். நான் நடக்கவில்லை. உங்கப்பாவிடமும் சொல்லவில்லை. மாஸ்டர் என்னை நடுவராக உட்கார வைத்தாரே, ஊரே கை தட்டியதே, இப்போது போய் எனக்குக் கணக்கே தெரியாது என்று சொல்வதா என்று இருந்தது. இன்னொன்றும் இருந்தது. பொண்ணுக்கு இடம் போய்விட்டதும் அம்மாக்காரி பேச்சை மாற்றுகிறாள் என்று சங்கீதா வீட்டுக்காரர்கள் சொல்வார்களே என்ற பயம். இரண்டில் எது பெரியது என்று ஏழு வருஷமாக யோசிக்கிறேன். முதலில் எழுதியதுதான் பெரியது. பயத்தைவிட என் கெத்துதான் பெரியது.

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இத்தனை எழுதியும் பிரயோஜனமில்லை. அந்த வீடியோவை அழிக்கச் சொன்னது நான். "பவி பாத்தா அழுவா, அழிச்சிடு அஞ்சல" என்றேன். அவள் பாவம், உனக்காகத்தான் சொல்கிறேன் என்று நம்பி என் எதிரிலேயே அழித்தாள். நீ இரண்டு நாள் கழித்து அவளிடம் போய் வீடியோ இருக்கிறதா என்று கேட்டாய், எங்கே தப்பு செய்தேன் என்று பார்க்க வேண்டும் என்றாய். "போன் கெட்டுப்போச்சுடி" என்று சொல்லிவிட்டாள். அவளைக் கோபிக்காதே. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னாள்.

நீ என்மேல் கோபப்பட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்திருந்தால்கூட நான் உளறியிருப்பேன். நீயோ கிளப்பில் எல்லோரிடமும், "அம்மா கரெக்டாதான் பாத்தாங்க, நான்தான் மடிஞ்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். அதோடு விட்டாயா? முட்டியை மடக்காமல் பிடித்துப் பழக ஆரம்பித்தாய். மாஸ்டர் பக்கத்தில் இருக்கும்போது அவர் சொல்கிறபடி செய்துவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் காலை விறைத்துக்கொண்டு தூக்குவாய். நான் வேலை முடிந்து உன்னைக் கூப்பிட வரும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். கம்பி உன் தோளில் வந்து மோதுகிற சத்தம் தெருவுக்குக் கேட்கும். ஆறு மாசத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியாமல் சுவரைப் பிடித்து நடந்தாய். திண்டிவனத்து டாக்டர் மூன்று மாசம் எதையும் தொடக் கூடாது என்றார். தினமும் சாயங்காலம் உன்னைக் குப்புறப் படுக்க வைத்துத் தைலம் தேய்த்தேனே, ஞாபகம் இருக்கிறதா? "ம்மா, உன் கை பட்டாலே வலி போவுதும்மா" என்பாய். நான் இன்னும் அழுத்தித் தேய்ப்பேன். உன் முகம் தலையணையில் இருந்ததால் என் முகத்தை நீ பார்க்கவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும், நாளைக்கு என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் முகாமுக்குப் போனாய். அங்கிருந்த மேடம் இரண்டே நாளில் உன் பிடியைச் சரி செய்ததாகப் போனில் சொன்னாய். "காலை வெச்சி வாங்கிக்கோ, எதுக்கு இரும்போட சண்ட போடுறன்னு கேட்டாங்கம்மா" என்று சிரித்தாய். தொடைதான் கணக்கு என்று அவர்களும் சொல்லியிருப்பார்கள். அப்படியும் அந்தக் காணும் பொங்கல் தூக்கை நீ சந்தேகப்படவே இல்லை. அன்றைக்கு நான் கீழேதான் போயிருப்பேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பார்த்தார்களே என்று முடித்துக்கொண்டாய். அதற்குப் பிறகு எல்லாம் நல்லதாகவே நடந்தது. மெடல், காலேஜ், இப்போது வேலை. முடிவு நல்லதாகிவிட்டது, பழசை எதற்குக் கிளற வேண்டும் என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் ஒரு வருஷம் போனது போனதுதான். இடுப்பு இன்றைக்கும் மழைக்காலத்தில் உனக்கு வலிக்கிறது.

நான் போனில் பவர் க்ளீன் வீடியோவாகப் பார்த்துத் தள்ளுவதைக் கண்டு, "எனக்கே இவ்ளோ வெறி இல்லம்மா" என்று கேலி செய்வாயே. வெறி இல்லை. ஒவ்வொன்றையும் பிடிக்கிற நொடியில் நிறுத்தித் தொடையைப் பார்ப்பேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் ஒரு ரசனை வந்துவிட்டது. சிலர் பயங்கர எடையைத் தூக்கிவிட்டுக் காலை இரண்டு பக்கமும் விசிறி அகட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தொடை மட்டத்துக்கு மேலே இருக்கிறது, கணக்குப்படி செல்லும், ஆனால் எனக்குப் பிடிக்காது. வேறு சிலர் தூக்கும்போது ஆளும் கம்பியும் சேர்ந்தே எழுந்த மாதிரி இருக்கும், எடை கம்மியாக இருந்தாலும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டத் தோன்றும். ஒரு குண்டு அம்மாள் துவைத்த துணியை எடுத்துத் தோளில் போடுகிற மாதிரி நூறு கிலோவைப் போடுகிறாள். அவளை மட்டும் ஐம்பது தடவை பார்த்திருப்பேன். என்ன பார்த்தாலும் கடைசியில் நீ அன்று தூக்கியதுதான் கண் முன்னால் நிற்கிறது. அதைப் பார்க்க வீடியோ இல்லை. இல்லாமல் செய்தவள் நான்.

நீ இனி தினமும் கொடி தூக்கப் போகிறவள். அதனால் ஒன்றிரண்டு சொல்கிறேன், சொல்ல எனக்கு யோக்கியதை இல்லையென்றாலும். உன் கண் எதை எங்கே பழகியது என்று பார்த்துக்கொள். என் கண் வரப்பில் பழகியது, அதை மைதானத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வந்தேன். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று கேட்டுவிடு, அந்தப் பிள்ளைகள் எதிரிலேயே கேள், ஒன்றும் குறைந்துபோக மாட்டாய். தப்பாகச் சிவப்பு காட்டிவிட்டால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடு. தப்பாகப் பார்ப்பதில் அசிங்கம் இல்லை. தெரிந்த பிறகு ஒரு நாள் பேசாமல் இருந்தால் அடுத்த நாள் வாயைத் திறப்பது இரண்டு மடங்கு கஷ்டமாகிவிடுகிறது, எனக்கு ஏழு வருஷம் ஆகிவிட்டது. யாராவது அழகாகத் தூக்கினால் வாய்விட்டுப் பாராட்டு. உன்னை நான் ஒரு தடவைகூடப் பாராட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் பாராட்ட வாயெடுத்தால் அந்தச் சிவப்புக் கொடி குறுக்கே வந்து நின்றது.

என் கதையை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறேன் என்றாயே, சொல். ஆனால் முழுசாகச் சொல். எங்கம்மா தப்பாகப் பார்த்தாள், மறுநாளே அது தப்பென்று தெரிந்துகொண்டாள், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டாள், என் இடுப்பு போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள் என்று சொல். இன்று காலையில் மாஸ்டரிடம் போய் இத்தனையும் சொல்லிவிட்டேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த கம்பியைக் கீழே வைத்தார். பிறகு, "அவகிட்ட சொன்னீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டார்.

காணும் பொங்கல் அன்று, இரண்டாவது முயற்சியில், ஐம்பத்தைந்து கிலோவை நீ தூக்கினாய். தொடை மட்டத்துக்கு மேலே நின்றது. அது பவர் க்ளீன்தான், பவி. நான் பார்த்ததிலேயே அழகான பவர் க்ளீன்.

இந்தக் காகிதத்தை உன் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ ஊர் போய்ச் சேர்ந்து படித்தால், உன் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்காது. அதுவும் ஏழு வருஷமாக நான் செய்துகொண்டிருக்கிற அதே வேலைதான் என்று உறைத்தது. அதனால் கையிலேயே கொடுக்கிறேன். படித்து முடித்ததும் நிமிர்ந்து பார். எதிரில்தான் நிற்கிறேன்.